வாசலில் கிடைத்த மூன்று விரல் குதிரை

போன மாதம் நிவேதாவிடமிருந்து போன் வந்தது. நான் முப்பது வருடத்துக்கு மேல் வேலை பார்த்த ஆய்வுக்கூடத்தில் இப்போது என் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் பெண் அவள். பாறைக்குள் கல்லாகிக் கிடக்கும் பழங்கால எலும்புகளைச் சிதையாமல் வெளியே எடுப்பதுதான் எங்கள் வேலை. நான் ஓய்வு பெற்று இரண்டு வருடம் ஆகிறது. இன்னமும் மாதம் ஒரு முறையாவது கூப்பிட்டு ஏதாவது சந்தேகம் கேட்பாள். அன்றைக்கு அவள் குரலில் சந்தேகத்தைவிடப் பதற்றம்தான் அதிகம் இருந்தது.

“அக்கா, உங்க ஊர்ல, பழவேற்காடு ஏரிக்கரையில, மூணு விரல் குதிரை கிடைச்சிருக்கா?”

“எந்தக் குதிரைம்மா?”

“ஹிப்பாரியன் அக்கா. பழைய அட்டையெல்லாம் கம்ப்யூட்டர்ல ஏத்திட்டிருக்கோம். ஒரே ஒரு அட்டை மட்டும் தமிழ்ல இருக்கு. ‘கிடைத்த இடம்: ஆரம்பாக்கம், என் வீட்டு வாசல்’னு போட்டிருக்கு. அதை அப்படியே ஏத்திட்டாங்க. கீழ இருக்கற குறிப்பு மை மங்கிப் படிக்க முடியலை. வெளிநாட்டுல இருந்து ஒரு மாணவர் உடனே மெயில் போட்டுட்டார். இந்தப் பக்கத்துல ஹிப்பாரியன் இருந்ததா யாருமே சொன்னதில்லையாம். நேர்ல வந்து உங்க வாசலைத் தோண்டிப் பாக்கணுமாம்.”

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. என் வாசலுக்குச் சிமெண்டு போட்டு எத்தனையோ வருடம் ஆயிற்று. அதை உடைக்க அந்தப் பிள்ளை விமானம் ஏறி வருவதற்குள் உண்மையைச் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். ஆனால் இரண்டு வரியில் சொல்லி முடிகிற விஷயமாக அது இல்லை. “எழுதிக் குடுங்க அக்கா, அட்டையோட சேத்து வெச்சிடறேன்” என்றாள். அதனால் எழுதுகிறேன்.

முதலில் குதிரையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இன்றைக்கு நாம் பார்க்கும் குதிரைக்கு ஒரு காலில் ஒரே விரல்தான். அந்த விரலின் நகம்தான் குளம்பு. ஹிப்பாரியனுக்கு மூன்று விரல். நடுவிரல் தடித்து உடம்பைத் தாங்கும். அதற்கு இரண்டு பக்கமும் ஒவ்வொரு குட்டி விரல், தரையைத் தொட்டும் தொடாமலும் தொங்கும். உயரத்தில் மட்டக்குதிரை மாதிரி இருந்திருக்கும். இமயமலை அடிவாரத்தில் சிவாலிக் குன்றுகள் இருக்கிற பக்கம் ஒரு காலத்தில் அவை கூட்டம் கூட்டமாக மேய்ந்தன. அப்புறம் பூண்டோடு போய்விட்டன. நம் நாட்டில் கிடைப்பவற்றுக்கு இப்போது வேறு பெயர் சொல்ல ஆரம்பித்திருக்கிறார்கள் என்று நிவேதா சொன்னாள். பெயரை எப்படி மாற்றினாலும் விரல் மூன்றுதான்.

நான் ஆரம்பாக்கத்துக்குக் கிழக்கே ஏரியோரத்தில் பிறந்தவள். எங்கள் வீட்டில் படகும் இல்லை, வலையும் இல்லை. எங்கள் தெருப் பெண்கள் கையாலேயே இறாலும் நண்டும் பிடிப்பார்கள். இடுப்பளவு தண்ணீரில் உட்கார்ந்தபடியே நகர்ந்து, சேற்றைத் தடவிக்கொண்டு போவார்கள். இரண்டு கைக்கும் வேலை இருப்பதால், பிடித்ததைப் போடும் ஓலைப் பறியைப் பல்லில் கடித்துக்கொள்வார்கள். அதனால் வேலை நடக்கும்போது யாரும் பேச முடியாது. நானும் பத்தாவது முடிக்கும் வரை விடுமுறை நாட்களில் அம்மாவோடு இறங்கியிருக்கிறேன். எங்கள் தெருவில் ஒரு வழக்கம் உண்டு. சுண்டுவிரலைவிடச் சின்னது கைக்கு வந்தால் விட்டுவிட வேண்டும். யோசித்து விடுவதில்லை, விரலே விட்டுவிடும். இந்த வழக்கத்தை இங்கே சொல்லி வைக்கிறேன், ஏனென்றால் நான் மாட்டிக்கொண்டது இதனால்தான்.

சென்னை ஆய்வுக்கூடத்துக்கு நான் போனது பெருக்கித் துடைக்கிற தினக்கூலி வேலைக்கு. சேர்ந்த மூன்றாம் மாதம், எலிப் பல்லைவிடச் சிறிய பற்கள் இருந்த டப்பா ஒன்று யாரோ கை பட்டு அலமாரிக்கு அடியில் கொட்டிவிட்டது. படித்தவர்கள் எல்லாம் டார்ச் அடித்துக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் தரையோடு படுத்து, கையை உள்ளே விட்டுத் தடவி, ஒவ்வொன்றாக எடுத்து வைத்தேன். எண்ணிப் பார்த்தார்கள், ஒன்றுகூடக் குறையவில்லை. கூடத்தின் பொறுப்பில் இருந்த தாமோதரன் சார் என் முகத்தைப் பார்க்கவில்லை, என் விரல்களைத்தான் பார்த்தார். மறுநாள் துடைப்பத்தை வாங்கிக்கொண்டு கையில் ஓர் ஊசியைக் கொடுத்தார். என் படிப்பும் பயிற்சியும் அவ்வளவுதான்.

தாமோதரன் சார் கும்பகோணத்துப் பக்கத்துக்காரர். ஒல்லி, சத்தம் போட்டுப் பேச மாட்டார். எலும்பை விரலால் சுட்டிக் காட்டவே மாட்டார், சட்டைப் பையில் வைத்திருக்கும் ஈர்க்குச்சியால்தான் காட்டுவார். எங்கள் வேலைக்கு ஓர் ஒழுங்கு உண்டு. மலையிலிருந்து வரும் பாறைத் துண்டு, பிளாஸ்டர் கட்டோடும் சாக்கோடும் வந்து இறங்கும். அது ஆடாமல் உட்கார மணல் மூட்டை. பிளாஸ்டர் கட்டை ஒரு பக்கம் மட்டும் அறுத்துத் திறக்க வேண்டும். பிறகு பல் டாக்டர் வைத்திருப்பது மாதிரியான ஊசியால் மணற்கல்லை மணிமணியாகப் பெயர்க்க வேண்டும். எலும்பு தலை காட்டிய இடத்தில் தூரிகையால் தட்டி, அசிட்டோனில் கரைத்த பசையைச் சொட்டு விட்டு, அது காய்கிற வரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டும். பெயர்த்த கல்லெல்லாம் மேசைக்கு அடியில் இருக்கும் வாளியில் விழும். அந்த வாளியைக் கழுவிச் சலித்துப் பார்த்த பிறகே கொட்டலாம்.

வேலை முடிந்ததும் சார் வருவார். ஈர்க்குச்சியை எடுப்பார். “பக்கத்துல ஏதாவது இருந்ததா?” என்று கேட்பார். நாங்கள் சொல்லும் பதிலை வைத்து அட்டை எழுதுவார். அவர் அட்டையில் மூன்று வார்த்தைக்குத்தான் அனுமதி: இருக்கிறது, இல்லை, தெரியாது. “இருக்கலாம்” என்று ஒரு இளைஞர் எழுதிக் கொண்டுவந்தபோது, “எலும்பு ஜோசியம் கேட்டு நம்மகிட்ட வரலை தம்பி” என்று திருப்பிக் கொடுத்ததை நானே பார்த்திருக்கிறேன்.

நான் ஊசி பிடித்து மூன்றாவது வருடம் அந்தத் துண்டு வந்தது. சிவாலிக் அடிவாரத்தில் ஓர் ஓடைக்குள் உருண்டு கிடந்ததாம். எந்தப் பாறை அடுக்கிலிருந்து விழுந்தது என்று தெரியாததால் அதன் வயதும் தெரியாது. உள்ளே குதிரைக்கால், அதுவும் குளம்புக்குச் சற்று மேலே உடைந்த ஒரு சாண் அளவுதான். ஒற்றை விரல் குதிரையா, அதைவிட மிகப் பழைய மூன்று விரல் குதிரையா என்பதுதான் கேள்வி. சார் ஒரு வாரம் வெளியூர் போகவேண்டி இருந்தது. “நடு எலும்பு முழுசாத் தெரியணும். அவசரப்படாதே” என்று சொல்லிவிட்டுப் போனார்.

நான் அவசரப்பட்டேன். என் வேலையை நிரந்தரம் ஆக்குவதற்கான பரிந்துரைக் காகிதம் அவர் மேசையில் காத்துக்கொண்டிருந்தது. அவர் திரும்பி வரும்போது அந்தக் குளம்பு பளிச்சென்று மேசையில் உட்கார்ந்திருக்க வேண்டும், அவர் அசந்துபோக வேண்டும் என்று எனக்கு ஆசை. நடு எலும்பு அருமையாக வந்தது. நடுவிரலின் மூன்று துண்டும் ஒன்றன் கீழ் ஒன்றாக, கடைசியில் குளம்பு. அதன் இரு பக்கமும் ஏதோ சிறு உருண்டைகள் ஊசியில் இடறின. பேரீச்சங்கொட்டை அளவில் இருந்தன, சில அதைவிடச் சின்னவை. விரல் எடுத்தது, விரலே வாளியில் விட்டது. சுண்டுவிரலைவிடச் சின்னதைப் பிடித்துவைத்துக்கொள்ள என் விரலுக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை.

இதோடு விட்டிருந்தாலாவது சலிக்கும்போது பிடித்திருக்கலாம். அந்த வாரம் மழை. எங்கள் ஊரில் ஐப்பசி மழைக்கு ஏரித் தண்ணீர் வாசல் வரைக்கும் வந்துவிடும். கல்லோ மண்ணோ எது கிடைத்தாலும் வாசலில் கொட்டி மேடாக்குவோம். யார் வீட்டில் சுவர் இடித்தாலும் எங்கள் தெரு ஆட்கள் கூடையோடு போய் நிற்பார்கள். நானும் காவலாளி முனுசாமி அண்ணனிடம் கழிவுக் கல் கேட்டு வைத்திருந்தேன். “எடுத்துக்கினு போம்மா, இங்க எடத்த அடச்சிக்கினு கீது” என்றார். சலித்த வாளி எது, சலிக்காத வாளி எது என்று பார்க்காமல் இரண்டு பையில் அள்ளிக்கொண்டு ரயில் ஏறினேன். “இன்னாம்மா, மெட்ராஸ்ல இருந்து கல்லு வாங்கினு போற?” என்று ரயிலில் கேலி செய்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். இமயமலை அடிவாரத்துக் கல் இப்படித்தான் எங்கள் வாசலுக்கு வந்து சேர்ந்தது.

சார் திரும்பி வந்தார். குளம்பைப் பார்த்தார். நான் எதிர்பார்த்த மாதிரி அசந்துபோகவில்லை, மேசையைச் சுற்றிச் சுற்றி வந்தார். “எலும்போட வடிவத்தைப் பாத்தா எனக்கு ஒரு சந்தேகம் இருக்கு. ஆனா சந்தேகத்தை எழுத முடியாது” என்றார். பிறகு ஈர்க்குச்சியை எடுத்தார்.

“பக்கத்துல ஏதாவது இருந்ததா அற்புதம்?”

அந்த நொடியில்தான் என் விரல்கள் விட்டதெல்லாம் எனக்கு நினைவுக்கு வந்தது. அவர் மேசை மேல் அந்தப் பரிந்துரைக் காகிதமும் கண்ணில் பட்டது.

“இல்ல சார்” என்றேன்.

“சரி. நாளைக்கு அட்டை எழுதிடலாம். ஒத்தை விரல்” என்றார். அவர் முகம் வாடியதை நான் பார்த்தேன். பார்த்த பிறகும் ஊசியைத் துடைத்து எடுத்து வைத்தேன்.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றி வாசலில் கால் வைத்ததும் குதிகாலில் ஏதோ குத்தியது. எடுத்துச் சேற்றைத் துடைத்தேன். பழுப்பு நிறத்தில், வழவழவென்று, என் கட்டைவிரல் நகத்தளவில் ஒரு குளம்பு. எலும்புத் துண்டு என்று சொல்ல முடியாது. பெரிய குளம்பில் என்னென்ன இருந்ததோ அத்தனையும் அதில் இருந்தது, முன்பக்க வளைவு, அடிப்பக்கத் தட்டை, மேலே மூட்டு உட்காரும் குழி. தெருவிளக்கு வருகிற வரை அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

அம்மா எட்டிப் பார்த்தாள். “இன்னாடி அது?”

நடந்ததைச் சொன்னேன். அம்மா சுற்றிலும் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

“ஏரியில போட்ரு. யாருக்குத் தெரியப்போவுது? உங்க நைனா போனப்புறம் இந்த வூட்டுக்கு வந்த ஒரே நல்ல சேதி உன் வேலதான். அத்தப் போய்க் கெடுத்துக்குவியா?”

ஏரி பத்தடி தூரத்தில் இருந்தது. அம்மா சொன்னதில் தப்பு ஒன்றும் எனக்குத் தெரியவில்லை, நானும் அதையேதான் நினைத்தேன். ஆனால் என்னை ஒன்று பிடுங்கித் தின்றது. இந்தக் குட்டிக் குளம்பை அந்தப் பெரிய குளம்புக்குப் பக்கத்தில் வைத்தால் எப்படி இருக்கும்? தரையைத் தொடுமா, தொங்குமா? உள் பக்கமா, வெளிப் பக்கமா? நான் பெரிய உத்தமி என்று யாரும் நினைக்க வேண்டாம். பயத்தைவிட அந்த ஆசை பெரிதாக இருந்தது, அவ்வளவுதான். குளம்பைப் பஞ்சில் சுற்றித் தீப்பெட்டியில் வைத்துக்கொண்டேன்.

மறுநாள் சார் வருவதற்கு முன்பே போய்ப் பெரிய குளம்பின் இடது பக்கம் வைத்துப் பார்த்தேன், சரியில்லை. வலது பக்கம் வைத்தேன், உட்கார்ந்துகொண்டது. தரைக்கு மேலே ஒரு விரற்கடை உயரத்தில் அது தொங்குவதாக மனதுக்குள் பார்த்தேன். ஒரு கணம் மேசை மேல் ஒரு குதிரை நின்றது. நான் வாய்விட்டு “அடடே” என்று சொன்னபோது சார் பின்னால் நின்றுகொண்டிருந்தார்.

அவர் குனிந்தார். ஈர்க்குச்சியை எடுக்கவே இல்லை. குட்டிக் குளம்பை எடுத்து நுனிநாக்கில் வைத்தார். பழைய எலும்பு நாக்கில் ஒட்டிக்கொள்ளும், கல் ஒட்டாது, எங்கள் கூடத்தின் சுருக்கமான சோதனை அது. ஒட்டியது. ஆனால் முகத்தைச் சுளித்தார்.

“உப்பா இருக்கே. இது எங்க இருந்தது?”

“எங்க வூட்டு வாசல்ல இருந்தது சார்.”

எல்லாவற்றையும் சொன்னேன், நேற்றுச் சொன்ன பொய்யையும் சேர்த்து. அவர் திட்டவில்லை. “ரெண்டு பக்கத்துக்கும் சேத்து மொத்தம் ஆறு எலும்பு இருக்கணும். மீதி அஞ்சு?” என்றார். “வாசல்லதான் சார் இருக்கணும்.” “ஆரம்பாக்கத்துக்கு அடுத்த ரயில் எப்போ?” என்று கேட்டார்.

நடுப்பகல் வெயிலில், கக்கத்தில் சல்லடையோடு ஓர் அதிகாரி எங்கள் தெருவுக்குள் வந்ததை எங்கள் ஜனங்கள் இன்றுவரை சொல்லிச் சிரிப்பார்கள். கால்சட்டையை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டு குனிந்து பார்க்க ஆரம்பித்தார். அரை மணி நேரத்தில் ஒரு நத்தை ஓடும் ஒரு பேனா மூடியும் கிடைத்தன. அம்மா அதற்கு மேல் பொறுக்கவில்லை. ஏரியில் போடச் சொன்னவளே ஒரு குடம் தண்ணீரைக் கொண்டுவந்து வாசலில் ஊற்றினாள்.

“ஐயையோ, என்னம்மா பண்றீங்க?” என்று சார் பதறினார்.

“குனிஞ்சி குனிஞ்சி பாத்தா இன்னா சார் தெரியும்? சேறு எளகட்டும். கைய உள்ள வுடு.”

தெருப் பெண்கள் நான்கு பேரும் அம்மாவும் நானும் வரிசையாகக் குந்தி உட்கார்ந்தோம். அம்மா பழக்க தோஷத்தில் பறியைப் பல்லில் கடித்துக்கொண்டாள். அப்புறம் எதையோ சொல்ல வேண்டும் என்று அதைக் கையில் எடுத்தாள். “இந்தாங்கடி, இன்னிக்கு மட்டும் சின்னதுதான் வேணும். பெருசு வந்தா வுட்ருங்கோ” என்று சொல்லிவிட்டு மறுபடியும் கடித்துக்கொண்டாள். வரிசை மெல்ல நகர்ந்தது. சாரும் எங்களோடு வரிசையில் உட்கார்ந்து நகர்ந்தார். நண்டுக் கொடுக்கு வந்தது. போன பொங்கலுக்குத் தொலைந்த என் கம்மல் திருகாணி வந்தது. எலும்பு மாதிரி எது வந்தாலும் பம்பில் கழுவி சார் நாக்கில் வைத்துப் பார்ப்பார். எங்கள் வாசல் மண்ணில் எதை நாக்கில் வைத்தாலும் உப்புத்தான், அதனால் ஒவ்வொரு தடவையும் அவர் முகம் கோணியது. பெண்கள் பறியைக் கடித்துக்கொண்டே சிரித்தார்கள்.

பக்கத்து வீட்டு ஏகாம்பரம் மாமா வலையைத் தோளில் போட்டபடி வந்து நின்றார். மீன் பிடிக்கிறவர், எதையும் கேள்வி கேட்காமல் விட மாட்டார்.

“இன்னா சார் தேடற?”

“ஒரு குதிரையோட விரலைங்க.”

“குதிரைக்கு ஏது வெரலு?”

சார் உட்கார்ந்த இடத்திலேயே எல்லாவற்றையும் விளக்கினார். மாமா யோசித்தார்.

“அத்த யாரு ஓட்னாங்கோ?”

“யாரும் ஓட்டலை. அப்ப மனுஷனே கிடையாது.”

“மனுஷனே இல்லன்னா அது எதுக்கு ஓடணும்?”

“துரத்துறதுக்குப் பெரிய பல்லு வெச்ச மிருகங்கள் இருந்ததே.”

“அது சரி. ஓட்றதுக்கு ஒண்ணு போதுமே, மூணு வெரலு எதுக்கு?” என்று தானே கேட்டுவிட்டுத் தானே பதிலும் சொன்னார் மாமா. “சேத்துக்குத்தான் சார். ஒத்தக் கொளம்புன்னா எறங்கிப்பூடும். நாங்க சேத்துல நடந்தா வெரல விரிச்சித்தான் வெப்போம். அதுவும் அப்டித்தான் நடந்திருக்கும்.”

சார் எழுந்து நின்றுவிட்டார். “இதையே சொல்றவங்களும் இருக்காங்க. இல்லைன்னு சொல்றவங்களும் இருக்காங்க. எனக்குத் தெரியாது.”

“இம்மாம் படிச்சிட்டு தெரியாதுன்றியே சார்!”

“தெரியாததைத் தேடத்தானே என்னை வேலைக்கு வெச்சிருக்காங்க. நீங்க ஒரு தடவை நடந்து காட்டுங்க.”

அப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. ஏகாம்பரம் மாமா ஏரியோரச் சேற்றில் ஒரு தடவை விரல்களைச் சேர்த்து வைத்து நடந்தார், ஒரு தடவை விரித்து வைத்து நடந்தார். சார் ஒவ்வொரு காலடிக் குழியிலும் ஈர்க்குச்சியை விட்டு ஆழம் பார்த்தார். விரித்து நடந்த குழியில் ஆழம் கொஞ்சம் குறைவாகத்தான் இருந்தது. “இதை வெச்சு எதுவும் எழுத முடியாது” என்று சொன்னார். ஆனால் திரும்பவும் நடக்கச் சொல்லி, திரும்பவும் அளந்தார். வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து அவ்வளவு சந்தோஷமாக அவரை நான் பார்த்ததே இல்லை. நான் சொன்ன பொய் கொஞ்ச நேரம் எனக்கே மறந்துபோனது.

பொழுது சாய்வதற்குள் இன்னும் மூன்று கிடைத்தன, அதில் இரண்டு அம்மாவின் கைக்கு வந்தவை. முன்பு கிடைத்த குளம்போடு சேர்த்து ஒரு பக்கத்து விரல் முழுசாகவும், மறுபக்கத்துக்கு ஓர் எலும்பும் ஆயிற்று. மீதி இரண்டு கிடைக்கவே இல்லை. ஆனால் மூன்று விரல் என்பதில் இனிச் சந்தேகம் இல்லை.

மறுநாள் சார் ஒரு புது அட்டையையும் பேனாவையும் என் முன்னால் வைத்தார்.

“இந்த நாலு எலும்புக்கும் நீ எழுது.”

“எனக்கு இங்கிலீஷ் வராது சார்.”

“எலும்புக்கும் வராது. தமிழ்லயே எழுது. அதுக்கு என்னென்ன நடந்ததோ அத்தனையும் இருக்கணும்.”

கிடைத்த இடம் என்ற கோட்டில் ஆரம்பாக்கம், என் வீட்டு வாசல் என்று எழுதினேன். குறிப்பு என்ற கோட்டில், சுத்தம் செய்தபோது கவனிக்காமல் எடுத்து வாளியில் போட்டேன், கழிவோடு வீட்டுக்குப் போய்விட்டது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு நீட்டினேன். அவர் வாங்கவில்லை.

“நான் கேட்டேனே. அது?”

கேட்டபோது இல்லை என்று சொன்னேன் என்று அதன் கீழே எழுதினேன். அவர் அதற்கும் கீழே தன் கையெழுத்தைப் போட்டார்.

“தவறவிட்டதை நான் பெருசா நினைக்கலை அற்புதம். என் கையிலேயும் உடைஞ்சிருக்கு. ஆனா நான் அட்டையில ‘இல்லை’ன்னு எழுதறது உன் வாயை நம்பித்தான். உள்ள என்ன இருந்ததுன்னு பாத்தது உன் கை மட்டும்தான். நீ பொய் சொன்னா அந்த வார்த்தையை நான் எங்கே போய்த் தேடுவேன்?”

அழுகை வந்தது. அவரை நினைத்து இல்லை, அந்தப் பரிந்துரைக் காகிதத்தை நினைத்து. அட்டையின் நகல் மேலிடத்துக்கும் போனது. என் வேலை நிரந்தரமாவது மூன்று வருடம் தள்ளிப்போனது. அவர் நினைத்திருந்தால் ஒரு வார்த்தை சொல்லித் தடுத்திருக்கலாம், சொல்லவில்லை. அந்த மூன்று வருடமும் எனக்கு அவர் மேல் கோபம்தான். காலையில் வணக்கம்கூடச் சுவரைப் பார்த்துத்தான் சொல்வேன்.

கோபத்தை வளர்க்க அவரும் ஒரு வேலை செய்தார். அதற்குப் பிறகு ஒவ்வொரு முறை நான் வேலை முடித்ததும் வருவார், ஈர்க்குச்சியை எடுப்பார், “பக்கத்துல ஏதாவது இருந்ததா?” என்று கேட்பார். நான் “இல்ல சார்” என்றால் தலையை ஆட்டுவார். பிறகு என் மேசைக்கு அடியில் குந்தி உட்கார்ந்து, வாளிக்குள் முழங்கை வரை கையை விட்டு ஒரு தடவை தடவிப் பார்ப்பார். கையைக் கழுவிவிட்டு வந்துதான் அட்டையில் எழுதுவார். மற்றவர்களின் வாளியை அவர் தொட்டதே இல்லை. கூடத்தில் எல்லோரும் பார்க்காத மாதிரி பார்ப்பார்கள். எனக்குக் காது சுடும். நிரந்தர உத்தரவு கைக்கு வந்த அன்றும் அவர் என் வாளியைத் தடவினார்.

நிவேதாவின் கூடத்தில் இப்போது ஒரு பெரிய ஸ்கேன் இயந்திரம் வந்திருக்கிறது. பிளாஸ்டர் கட்டைக்கூடப் பிரிக்காமல், பாறைக்குள் இருக்கும் எலும்பைத் திரையில் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார்கள். புளியங்கொட்டை அளவில் இருந்தாலும் தெரிந்துவிடுமாம். எனக்குப் பொறாமையாக இருக்கிறது. எங்கள் காலத்தில் அது இருந்திருந்தால் இந்த அட்டையே பிறந்திருக்காது, அந்த வெளிநாட்டுப் பிள்ளையும் ஏமாந்திருக்க மாட்டான். அவனுக்குச் சொல்ல வேண்டியதையெல்லாம் சொல்லிவிட்டேன். அட்டையில் இல்லாதது ஒன்று மட்டும் பாக்கி இருக்கிறது.

குதிரை வந்து ஏழு வருடம் ஆகியிருக்கும். ஒரு காண்டாமிருகக் கன்றின் தாடையில் நான்கு மாதம் உட்கார்ந்திருந்தேன். நொய்ந்த எலும்பு, தூரிகை பட்டாலே உதிரும். பால் பல்லின் அடியில் முளைக்கத் தயாராக இருந்த அடுத்த பல்லைக்கூடக் கெடாமல் வெளியே கொண்டுவந்தேன். முடித்த அன்று காலை பதினொரு மணி வாக்கில் சார் வந்தார். தாடையைச் சுற்றி வந்தார். ஈர்க்குச்சியை எடுத்தார்.

“பக்கத்துல ஏதாவது இருந்ததா?”

“இல்ல சார்.”

தலையை ஆட்டினார். நான் நாற்காலியை நகர்த்தி அவர் குந்துவதற்கு வழி விட்டேன். அவர் குந்தவில்லை. நின்றபடியே பேனாவைத் திறந்தார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

“முட்டி வலிக்குதா சார்?”

“முட்டிக்கு என்ன? நல்லாத்தான் இருக்கு” என்றார். அட்டையில் ‘இல்லை’ என்று எழுதி, மை காய ஊதி, என் மேசை மேல் வைத்துவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார்.

இத்தனை வருடக் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை, கண் நிறைந்துவிட்டது. ஆனால் அடுத்த நொடியே வேறொன்று உறைத்தது. அந்த வார்த்தை இனி என் பொறுப்பு. வேலை போய்விடுமோ என்று அன்றைக்குப் பயந்தேனே, அந்தப் பயமெல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. அட்டையில் மை இன்னும் ஈரமாகத்தான் இருந்தது. நான் மேசைக்கு அடியில் குந்தி உட்கார்ந்து, வாளியை இழுத்து வைத்து, முழங்கை வரை கையை விட்டு அடிமண்ணைத் தடவினேன். ஒன்றும் இல்லை. இன்னொரு தடவை தடவினேன்.